நடுங்குகிற கைக்கு ஒரே ஒரு வேலை

ஊதா மை ஒட்டிய கட்டைவிரலோடு உனக்கு இதை எழுதுகிறேன். சோப்பு போட்டேன், எலுமிச்சம்பழம் தேய்த்தேன், தேங்காயெண்ணெயும் தடவிப் பார்த்தேன். போகவில்லை. நேற்று வங்கியில் வைத்த ரேகை. வருஷாவருஷம் நவம்பரில், இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுக்கொடுத்தால்தானே பென்ஷன்! போட்டேன். கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், காகிதத்தைப் பார்த்தாள். "மேடம், சைன் ஒத்துப்போகல. இன்னொரு தடவை போடுங்க" என்றாள். மூன்று தடவை போட்டேன். மூன்றும் மூன்று விதம். கடைசியில் மைப்பெட்டியை என் பக்கம் தள்ளி, "சிரமப்படாதீங்க மேடம், ரேகை வெச்சிடுங்க, அதுவும் செல்லும்" என்றாள். நல்ல பெண்தான். எனக்குத்தான் அங்கேயே உட்கார்ந்து அழவேண்டும் போலிருந்தது. எத்தனை ஆயிரம் விடைத்தாளில் கையெழுத்துப் போட்ட கணக்கு டீச்சர் நான்! கைநாட்டு வைத்துவிட்டு மயிலாப்பூர் குளத்தைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன், தெரிந்தவர்கள் யாரும் கண்ணில் பட்டுவிடக்கூடாது என்று.

ஆமாம், என் கையும் இப்போது ஆடுகிறது. உன் அளவுக்கு இல்லை. ஆனாலும் ஆடுகிறது.

வந்த கோபத்தில் பீரோ இழுப்பறையைக் குடைந்தேன். பழைய மைப்பேனாவில் எழுதினால் சரியாக வரும் என்று ஒரு நப்பாசை. பேனா அகப்படவில்லை. பிஸ்கட் டப்பாவுக்குள் உன் கேமராதான் அகப்பட்டது. நீ ஓய்வு பெற்ற அன்று, "வெச்சிக்கோடி, எனக்கு இனிமே எதுக்கு" என்று என் கையில் திணித்தாயே, அதுதான். உள்ளே பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது. அடியில் விரித்திருந்த துணி நம் தாவரவியல் லேபில் மேசை துடைக்கிற துணி. மூக்கருகே கொண்டுபோனேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகு ஃபார்மலின் நெடி இருக்க நியாயமில்லை. எனக்கு மட்டும் அடித்தது.

தொண்ணூற்றொன்பது மே மாதம் நினைவிருக்கிறதா? இது என்ன கேள்வி, அதை மறக்கிறவளா நீ.

அந்த வருஷம் உன் வலது கை கரும்பலகையில் பொய் சொல்ல ஆரம்பித்திருந்தது. நீ செம்பருத்தியின் நெடுக்குவெட்டை வரைந்தால் பள்ளிக்கூடமே வந்து பார்க்கும். இப்போது அதே சூலகம் நெளிந்துபோன கத்தரிக்காய் மாதிரி வந்தது. பிளஸ் டூ பெண்கள் உன் முகத்துக்காகச் சிரிக்காமல் இருந்தார்கள். அவர்களுடைய அப்பாக்கள் சும்மா இருக்கவில்லை. படத்துக்கே பாதி மார்க் போகிற பாடம், டீச்சருக்கே வரைய வரவில்லையென்றால் எப்படி என்று ஹெச்.எம்.மிடம் போய் நின்றார்கள். ஹெச்.எம். உன்னைக் கூப்பிட்டு, "ஜூன்லேர்ந்து ஆறாம் வகுப்பு எடுத்துக்கோங்க, உங்களுக்கும் ரெஸ்ட்டா இருக்கும்" என்றார். நீ அவர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றதாகச் சொன்னாய், கை தெரியக்கூடாது என்று.

"படம் தெளிவா இருந்தாப் போதுமா மேடம்?" என்று கேட்டாயாம்.

"தெளிவா இருந்தாப் போதும்."

"பன்னெண்டு படம் காட்டுறேன். மே முடியறதுக்குள்ள. வரைஞ்சு இல்ல, எடுத்து. கம்ப்யூட்டர் ரூம்லேயே பொண்ணுங்களுக்குப் போட்டுக் காட்டலாம்."

ஹெச்.எம். மாதத்தின் கடைசித் திங்கட்கிழமையைக் குறித்துக்கொடுத்தார். நீ அன்றைக்கே சிங்கப்பூரில் இருந்த உன் தம்பிக்குப் போன் செய்தாய். அவன் லீவில் வரும்போது இந்த டிஜிட்டல் கேமரா வந்தது. ஃபிலிம் இல்லாத கேமரா என்றதும் எனக்கு நம்பிக்கையே வரவில்லை. எண்ணெய் இல்லாமல் அப்பளம் பொரிக்கிறேன் என்பதுபோல் இருந்தது. ஆனால் பள்ளியில் கணக்கு டீச்சர் தலையில்தான் கம்ப்யூட்டரையும் கட்டியிருந்தார்கள். அதனால் நான்தான் நிபுணி என்று நீயே முடிவு செய்துவிட்டாய்.

நிபுணியின் லட்சணத்தை முதல் நாளே பார்த்தோம். எங்கள் வீட்டு வழக்கப்படி எந்தக் கேமராவிலும் முதல் படம் பிள்ளையார். சாந்தோமில் உங்கள் வீட்டிலோ மாதா. "முதல் படம் எப்படியும் வெளிச்சம் பட்டு வெள்ளையாத்தான் போகும், அதான் எல்லாரும் சாமி தலையில கட்டுறோம்" என்று சிரித்தாய். என் பர்ஸிலிருந்த பிள்ளையாரும் உன் ஜெபமாலைப் பையிலிருந்த மாதாவும் லேப் மேசையில் அடுத்தடுத்து நின்று படமெடுத்துக்கொண்டார்கள். இரண்டும் பளிச்சென்று விழுந்தன. பிறகு உள்ளே படம் பதிகிற மெமரி கார்டு அட்டையை எடுத்துப் பார்க்கவேண்டும் என்றாய். நான் பதறிப்போனேன்.

"வெளிச்சத்துல திறக்காதேடி! எல்லாம் போயிடும்!"

இரண்டு பேரும் படித்தவர்கள், பட்டம் வாங்கியவர்கள். ஆசிட் பாட்டில்கள் வைக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அக்னி நட்சத்திரத்தில் வியர்வை கொட்ட, இருட்டில் தடவித் தடவி அந்த அட்டையைக் கழற்றினோம். அட்டெண்டர் முனுசாமி கதவைத் தட்டினார். "இன்னா டீச்சர், உள்ளார ரெண்டு பேரும் இன்னா பண்ணிக்கினு கீறீங்க? கரெண்ட்டுதான் கீதே!" நீ சிரித்த சிரிப்பில் அட்டை கைநழுவி எங்கோ விழுந்தது. அப்புறம் விளக்கைப் போட்டுத்தானே தேடினோம். படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதற்குப் பின் ஒவ்வொரு பொத்தானாகப் படித்தோம். குறிப்புப் புத்தகத்தின் எழுத்து எறும்பைவிடச் சின்னது. நான் படிப்பேன், நீ அமுக்குவாய். மின்னல் படத்தின் மேல் கோடு போட்டிருந்தால் ஃபிளாஷ் அடிக்காது. சாவி படம் போட்டால் அந்தப் புகைப்படத்துக்குப் பூட்டு. ஒரு பொத்தானில் பூ போட்டிருந்தது. தோட்டத்தைப் படம் பிடிக்க என்றேன் நான், கெட்டிக்காரி மாதிரி. "துலிப்டி அது. பூவை எப்படிப் பார்ப்போம்? கிட்டப் போய்த்தானே? இது கிட்டப் பாக்குறதுக்கு" என்று சொல்லிவிட்டுச் செம்பருத்தியின் மகரந்தத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நீட்டினாய். திரையில் ஒவ்வொரு மகரந்தப் பையும் தனித்தனியாகத் தெரிந்தது. அதுவும் ஒரு கணம்தான். நீ அமுக்கினாய். விழுந்த படத்தில் ஐந்து செம்பருத்தி ஒன்றின்மேல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தன.

பத்துத் தடவை முயன்றாய். பிறகு கேமராவை என்னிடம் நீட்டினாய். "நீ எடு, ராஜி."

எடுத்தேன். இன்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன், என் கை ஆடாததில் அன்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மைக்ராஸ்கோப் கண்ணாடியில் கேமராவின் மூக்கை ஒட்டிவைத்து, உன் கை நன்றாயிருந்த காலத்தில் நீ பிளேடால் சீவிவைத்த ஸ்லைடுகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். தண்டு, வேர், இலை. நீ பக்கத்தில் நின்று "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். அதைச் சொல்லும்போது உன் முகம் எப்படி இருந்தது என்று நான் பார்க்கவே இல்லை.

பன்னிரண்டும் முடிந்தன. சாவி போட்டுப் பூட்டினோம், பிள்ளையாரையும் மாதாவையும் சேர்த்து. கம்ப்யூட்டர் அறைச் சாவி வைத்திருந்த கிளார்க் ஊருக்குப் போயிருந்தார், சனிக்கிழமைதான் வருவார். எல்லாப் படமும் அந்த அட்டையில்தான் உட்கார்ந்திருந்தது. புதன்கிழமை நீ தேவாலயத்துக்குப் போயிருந்த நேரத்தில் ஆடிப்போன படங்களைச் சுத்தம் செய்யலாம் என்று உட்கார்ந்தேன். ஒவ்வொன்றாக அழிக்கப் பொறுமை ஏது எனக்கு? மொத்தமாகத் துடைக்கிற இடத்துக்குப் போனேன். எல்லாம் போய்விடும், சம்மதமா என்று கேட்டது. பூட்டுப் போட்டதை எவனால் அழிக்க முடியும் என்று ஆமாம் போட்டேன். அந்தத் துடைப்புக்குப் பூட்டும் கிடையாது, சாமியும் கிடையாது. திரை காலியாக இருந்தது.

நீ வந்தபோது ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். கேமராவை நீட்டினேன். முன்னும் பின்னும் பொத்தானை அமுக்கிப் பார்த்தாய். திட்டுவாய் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

என் பர்ஸை இழுத்துத் திறந்து பிள்ளையாரை வெளியே எடுத்தாய். மேசையில் சாத்திவைத்தாய். ஆடுகிற கையாலேயே ஒரு படம் எடுத்தாய். இரண்டு தும்பிக்கையோடு விழுந்தார்.

"முதல் படம் ஆச்சு. அழுவாத. இந்தத் தடவை நான் எடுக்குறேன்."

"நாலு நாள்தான்டி இருக்கு. நானே எடுத்துத் தந்துடறேன். நான் பண்ணின தப்பு..."

"ஜூன்ல கிளாஸ்ல யாரு நிப்பா? நீயா? தினமும் உன் கையைக் கடன் வாங்கிக்கினு வர முடியுமா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது, முதல் பன்னிரண்டும் உன்னுடையவை அல்ல என்று. நான் அழித்தது என் படங்களைத்தான்.

வியாழக்கிழமை முழுக்க ஆடிய படங்கள். முனுசாமி உன் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். மேசையில் மணிக்கட்டை அழுத்திப் பார்த்தாய். கேமராவைக் கயிறு போட்டுக் கட்டிப் பார்த்தோம். அமுக்குகிற விரல் ஆடினால் அதோடு எல்லாம் ஆடியது. ஐந்து மணிக்குத் திடீரென்று கேட்டாய், "நம்ம ரெண்டு பேரும் சேர்ந்து ஒண்ணு எடுத்தோமே, ஞாபகம் இருக்கா?"

முதல் வாரத்தில் எடுத்தது. கடிகாரப் படம் போட்ட பொத்தான். அமுக்கிவிட்டு ஓடிவந்து நிற்கலாம், பத்து விநாடி கழித்துத் தானே எடுத்துக்கொள்ளும். உன் பாதி முகமும் என் பாதி முகமும் விழுந்தன.

"அதுல பின்னாடி சுவத்துக் கடிகாரத்துல முள்ளுகூடத் தெரிஞ்சுதுடி. அமுக்குனது நான்தானே? ஏன் ஆடல?"

நீ கையை எடுத்துப் பத்து விநாடி கழித்துத்தானே அது எடுத்தது! முனுசாமி கெமிஸ்ட்ரி லேபுக்கு ஓடினார். இரும்புத் தாங்கி ஒன்றைத் தூக்கிவந்தார், பியூரெட் மாட்டுவோமே அது. அதன் கவ்வியில் துணி சுற்றி, கேமராவை மைக்ராஸ்கோப்புக்கு நேராக இறுக்கி, கடிகாரப் படத்துக்கு மாற்றினோம். நீ அமுக்கினாய். தாங்கியே ஒரு ஆட்டம் ஆடியது. கையை எடுத்துவிட்டாய். சிவப்பு விளக்கு மினுக்கியது. ஆட்டம் மெல்ல அடங்கியது. நீ கண்ணை மூடி முணுமுணுத்தாய், "அருள் நிறைந்த மரியே..." பாதி ஜெபத்தில் க்ளிக்.

வேரின் குறுக்குவெட்டு. ஒவ்வொரு செல் சுவரும் ஊசியால் வரைந்த மாதிரி.

"நடுங்குற கைக்கு ஒரே ஒரு வேலை குடுக்கணும், ராஜி. சின்னதா. குடுத்துட்டு எடுத்துடணும். அப்புறம் அது ஆடினா ஆடட்டும்" என்றாய்.

வெள்ளி, சனி, ஞாயிறு. நீ ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடித்த கையோடு வந்தாய். லஸ் முனைக் கடையில் இருந்த பேட்டரியெல்லாம் அந்தக் கேமராவே தின்றது. பாதி ஜெபத்தில் க்ளிக் ஆகிறதே, மாதா கோபித்துக்கொள்ள மாட்டாரா என்று கேட்டேன். "மீதியை பஸ்ஸுல சொல்லிப்பேன்" என்றாய். மூன்றாம் நாள் மயிலாப்பூர் மாமி நானே உன்னோடு சேர்ந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். "ஆத்துக்காரர் கேட்டா தொலைஞ்சேன்" என்றேன். நீ என் வாயைப் பழித்துக்காட்டினாய்.

திங்கட்கிழமை கம்ப்யூட்டர் அறையில் ஹெச்.எம். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முதல் படமாக இரண்டு தும்பிக்கைப் பிள்ளையார் வந்து நின்றார்.

"இது எந்தப் பாடம்?"

"அது முன்னுரை, மேடம்" என்றாய், முகம் மாறாமல்.

மற்றப் பன்னிரண்டையும் அவர் ஒவ்வொன்றாக உன்னிப்பாகப் பார்த்தார். கடைசி நாள்வரை இழுத்தது ஏன் என்று கேட்டபோது, "ஒரு தடவை அழிஞ்சுபோச்சு, திரும்ப எடுத்தோம்" என்றாய். யார் அழித்தது என்று அன்றும் சொல்லவில்லை, பிறகும் யாரிடமும் சொல்லவில்லை. "யார் எடுத்தது?" என்று கேட்டார். நீ வலது கையை மேசை மேல் வைத்தாய். ஒளிக்கவில்லை. அது ஆடிக்கொண்டிருந்தது. "நான்தான்" என்றாய். பிளஸ் டூ தாவரவியல் உன் பெயரிலேயே இருந்தது, நீ ஓய்வு பெறும்வரை.

நீ போய் ஆறு வருஷம் ஆகிறது. கடைசியில் கரண்டி பிடிக்கக்கூட முடியாதபோதும், "ஒரு வாய்தானே, இரு" என்று சொல்லி, முழங்கையை மேசையில் ஊன்றி, காத்திருந்து நீயே சாப்பிட்டாய். நான் ஊட்டிவிட அவசரப்பட்டேன். எனக்குப் பொறுமை எந்தக் காலத்தில் இருந்தது? நீ தலையை ஆட்டி மறுத்தாய்.

இன்று காலை கேமராவின் பச்சையைத் துடைத்துப் புதுப் பேட்டரி போட்டேன். உயிர் வரவில்லை. பரவாயில்லை என்று, என் கையெழுத்துக்கு அந்தத் தாங்கி மாதிரி எதை வைக்கலாம் என்று யோசித்தேன். இத்தனை வருஷமாக என் கையெழுத்து எப்படி இருக்கும், தெரியுமே உனக்கு. தகப்பனார் முதலெழுத்து, ராஜலக்ஷ்மி முழுசாக ஆங்கிலத்தில், பின்னால் ஆத்துக்காரர் பெயர், அடியில் ரயில்வண்டி மாதிரி ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. இத்தனை வேலையையும் ஆடுகிற கைக்குக் கொடுத்தால் அது என்ன செய்யும், பாவம்?

கையெழுத்தை மாற்றிக்கொள்ள ஒரு படிவம் இருக்கிறதாம். பேத்தியை அனுப்பி வாங்கிவரச் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை நானே போகிறேன். "எதுக்குப் பாட்டி அலைச்சல், ரேகையே செல்லுமே" என்கிறாள். செல்லும். நான் வைக்கமாட்டேன். முழங்கையைக் கவுண்டரில் ஊன்றிக்கொள்வேன். பேனாவைக் காகிதத்தில் வைத்துவிட்டு, உன் ஜெபத்தில் பாதி சொல்வேன். வரிசையில் பின்னால் நிற்கிறவர்கள் காத்திருக்கட்டும். ஆட்டம் அடங்கினதும் போட்டுவிட்டுக் கையை எடுத்துவிடுவேன்.

காலையிலிருந்து பழகுகிறேன். ஒரு நோட்டுப் புத்தகம் தீர்ந்துவிட்டது. புதுக் கையெழுத்து இரண்டே எழுத்துதான், இப்போது ஒன்று போல் விழுகிறது. உலகத்தில் நீ ஒருத்திதான் என்னை அப்படிக் கூப்பிட்டாய். இனிமேல் நான் உயிரோடிருப்பதற்கு அதுதான் அத்தாட்சி. நீயே ஒத்துப் பார்த்துக்கொள்.

ராஜி