தையல்சிட்டுப் படத்தின் வெட்டிய ஓரம்

அஸ்தினாபுரம்
சனிக்கிழமை காலை

அன்புள்ள ஜோவி,

கர்த்தர் கிருபையில் இங்கே நாங்கள் இருவரும் சுகம், அப்பாவின் இடது முட்டி மட்டும் மழை வரப்போவதை வானத்துக்கு முன்பே சொல்லிவிடுகிறது. அஸ்ஸாம் குளிரில் உனக்கு நெஞ்சுச் சளி பிடிக்காமல் இருக்க தினமும் ஜெபிக்கிறோம். இட்லிப் பொடியும் கம்பளி சாக்ஸும் தனிப் பார்சலில் வருகின்றன. போன வாரம் படப்பை ஏரிக்குப் போய் நீர்க்காகம் ஒன்று இறக்கை விரித்துக் காய்வதை நாற்பது படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து காட்டினால் அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "நாப்பதும் ஒரே காக்காதானே ஜோஸ்" என்கிறார். அப்போதெல்லாம் ஒரு ரோலுக்கு முப்பத்தாறுதான், மூச்சை நிறுத்திக்கொண்டுதான் பட்டனை அழுத்துவேன். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு செம்பாக்கம் ஏரிக்கரையில் நிற்பேன், நீ தாழைக்கோழியின் சிவப்பு மூக்கைப் பார்த்து, "அம்மா, அது உன் லிப்ஸ்டிக்க எடுத்துப் பூசிக்கிச்சு" என்று கத்தி அதை விரட்டிவிடுவாய். எத்தனை நல்ல படம் அப்படிப் போயிற்று, இன்று நினைத்தால் அந்தச் சத்தம்தான் வேண்டியிருக்கிறது.

கௌஹாத்தியில் நீ வைக்கப்போகும் புகைப்படக் கண்காட்சிக்கு நம் தையல்சிட்டுப் படத்தின் நெகட்டிவை மூன்று முறை கேட்டுவிட்டாய். தேடுகிறேன் என்று சொன்னேன். தேடவேயில்லை ஜோவி, அது என் பைபிள் உறைக்குள்தான் இருக்கிறது. "நான் காட்டுல படம் எடுக்கிற இந்த வேலைக்கு வந்ததே அந்தப் படத்தாலதான், உன் பேர் போட்டு முதல்ல மாட்டப்போறேன்" என்று நீ சொன்ன பிறகு மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஃபோனில் சொல்ல வராது, அதனால்தான் எழுதுகிறேன்.

உனக்கு அப்போது ஆறு வயது. காம்பவுண்டு ஓரத்து அத்திச் செடியில் ஒரு தையல்சிட்டு இரண்டு இலையைத் தைத்துக் கூடு கட்டியிருந்தது, உள்ளே மூன்று குஞ்சு, மேலே இன்னொரு இலை கூரை மாதிரி மூடியிருந்தது. அந்த இலையால் வெளிச்சம் விழவில்லை. தையல் மெஷினிலிருந்து வெள்ளை நூல் எடுத்து அதை இழுத்து ஜன்னல் கம்பியில் கட்டினேன். தாய்ச்சிட்டு புழுவோடு வந்தது, மூன்று வாயும் திறந்தன, எடுத்தேன். பக்கத்து வீட்டுச் செல்லியம்மாள் பார்த்துவிட்டு, "இன்னா டீச்சர், மறைப்ப இழுத்துக் கட்டிகினு கீற, காக்கா கண்ணு பொட்டையா?" என்றார். அவிழ்த்துவிடுகிறேன் என்றேன். அன்று படப்பையில் ஒரு கல்யாணம், அப்பா வாசலில் ஹார்ன் அடித்தபடி இருந்தார். அவசரத்தில் மறந்துவிட்டேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன், அது பொய். சாயந்திர வெயிலில் இன்னும் நன்றாக வரும் என்று தெரிந்தேதான் விட்டுவிட்டுப் போனேன்.

நாலு மணிக்குத் திரும்பினோம், நீ அப்பா தோளில் தூங்கிக்கொண்டிருந்தாய், அவர் உன்னைப் படுக்கவைக்க நேரே உள்ளே போனார். கூடு கிழிந்து தொங்கியது. தாய்ச்சிட்டு வாயில் புழுவோடு கிளைக்குக் கிளை தாவிக்கொண்டிருந்தது. செல்லியம்மாள் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று, "காக்கா மூணையும் தூக்கினு பூட்ச்சு. நான் வெரட்டிக்கினேதான் இருந்தேன், எத்தினி நேரம் நிப்பேன்? உனுக்கு போட்டோ கீது டீச்சர், அதுக்கு இன்னா கீது?" என்றார். நான் நூலை அவிழ்த்தேன், அவ்வளவுதான் செய்ய முடிந்தது. மறுநாள் நீ கேட்டபோது குஞ்சுகள் பறந்துவிட்டன என்றேன். நீ மாடிக்கு ஓடிப்போய்த் தேடினாய். அதன் பிறகு எந்தத் தையல்சிட்டு கத்தினாலும் "நம்ம பாப்பா" என்பாய், நானும் ஆமாம் என்பேன். ஸ்டுடியோ ஐசக்கிடம் பிரிண்ட் போடக் கொடுத்தபோது வலது ஓரத்தில் நூல் பளிச்சென்று தெரிந்தது. அதை வெட்டிவிடச் சொன்னேன். "ஏன் டீச்சர், முழுசாத்தான் அழகா இருக்கு" என்றார். நீ முப்பது முறை பார்த்தது அந்த வெட்டிய படத்தைத்தான். அதன் பிறகு நான் ஒரு கூட்டையும் எடுத்ததில்லை, ஏன் என்று நீ கேட்டால் என் லென்ஸுக்கு எட்டாது என்று சமாளித்தேன். உன் அப்பாவுக்குக்கூட இது தெரியாது, இன்று ராத்திரி சாப்பிட்ட பிறகு சொல்லப்போகிறேன்.

நெகட்டிவை இதனுடன் வைத்திருக்கிறேன். நூலை நீ ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவாய், அதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இவ்வளவும். மாட்டுவதும் விடுவதும் உன் முடிவு. மாட்டினால் முழுப் படமாக மாட்டு, அன்றைக்கே மூன்று குஞ்சும் போயின என்று கீழே எழுது, என் பெயரையும் போடு. அங்கே வருகிற பிள்ளைகளில் ஒருத்தியாவது வீட்டுக்குப் போய் ஒரு கிளையைச் சும்மா விடுவாள்.

காட்டுக்குள் போகும்போது அட்டை கடித்தால் பிய்க்காதே, உப்பு வை. காலையில் வெறும் டீயோடு கிளம்பாதே. நீ நடக்கிற பாதையெல்லாம் கர்த்தர் உன்கூட நடக்கட்டும். இதைப் படித்ததும் உனக்குக் கோபம் வரும். ஆறட்டும் என்று நாள் கடத்தாதே ஜோவி, கோபத்தோடேயே கூப்பிடு.

உன் அம்மா,
ஜோசலின்