ஜேர்சியின் முதுகில் உன் அப்பாவின் பெயர்

இன்று காலை அலுவலகத்தில் ஒரு படிவம் என் கையை நிறுத்திவிட்டது. ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க வருகிறவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் அதே வேலையில்தான் இன்னமும் இருக்கிறேன். மன்னாரிலிருந்து வந்து ஆறு மாதம்கூட ஆகாத ஒரு இளம் தாய், மடியில் குழந்தையோடு என் முன்னால் இருந்தாள்.

"அக்கா, இந்தக் கொஞ்ஞோமே எண்ட பெட்டிக்குள்ளை ஆரின்ரை பேரை எழுதுறது?" என்று கேட்டாள்.

குடும்பப் பெயர் என்றேன்.

"எங்களுக்கு அப்பிடி ஒண்டு இல்லையே."

இல்லைத்தான். அப்பாவின் பெயரை எழுதுங்கோ என்று சொல்லிவிட்டுப் பேனையை வைத்தேன். அவள் ஒவ்வொரு எழுத்தாக எழுதி முடிக்கும்வரை உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உனக்குச் சொல்ல வேண்டிய ஒரு விஷயத்தை ஆறேழு மாதமாகத் தள்ளிப்போட்டு வருகிறேன். உனக்குக் கொடுத்த வாக்கு ஒன்றை மீறிவிட்டேன். அது எப்படி நடந்தது என்பதை முழுக்கச் சொன்னால்தான் என் மனம் ஆறும்.

பலேர்மோவில் உன்னைத் தெரிந்தவர்களில் பாதிப்பேர் உன் அப்பாவின் பெயரால்தான் உன்னை அறிந்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது கொஞ்ஞோமே பெட்டிக்குள் 'செபமாலை' என்று எழுதினார்கள். அன்றிலிருந்து இத்தாலியருக்கு நீ செபமாலை. செல்லமாக, சேபா. உன் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது உன் அப்பாவும் நானும் கோயிலில் ஒரு நாலைந்து பேரும்தான். பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணியில் நாம் இரண்டுபேரும் சேர்ந்தபோது, அந்தப் பெயர் மைதானத்துக்கும் வந்தது. பிறகு உன் எட்டாம் எண் ஜேர்சியின் முதுகிலும் ஏறியது. ஒருநாள் நம்மோடு ஆடிய ஜூசி அதற்கு அர்த்தம் கேட்டாள். ரொசாரியோ என்றாய். செபமாலையை முதுகில் போட்டுக்கொண்டா இப்படி ஆட்களை இடித்து விழுத்துகிறாய் என்று சிரித்துச் சிரித்து அவள் நிலத்திலேயே இருந்துவிட்டாள்.

உன் அப்பா ஒரு ஆட்டத்துக்கும் வரவில்லை. பொலிதேயாமாப் பக்கத்தில் வயதான இத்தாலிய அம்மா ஒருவரின் வீட்டில் அவருக்கு வேலை. சனிக்கிழமைகளில் லீவு இல்லை என்பார். அது பாதி உண்மை. மற்றப் பாதியை ஒரேயொரு தடவை எனக்கு முன்னால் சொல்லியிருக்கிறார்: "பொம்பிளைப் பிள்ளை அரைக் காற்சட்டையோடை சனத்துக்கு முன்னாலை பாயுறதோ." பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை, தடுக்கவுமில்லை. நீயும் எதையும் அவர் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டாய். உன் ஜேர்சி, கால்சாப் பகுதியில் எங்கள் வீட்டுப் பால்கனிக் கொடியில்தான் காய்ந்தது. என் அம்மா அதைக் கட்டில் விரிப்புகளுக்கு உட்பக்கமாகப் போடுவா. தாயில்லாப் பிள்ளை என்று உனக்கு அவவிடம் எப்போதும் ஒரு தனி இடம்.

மலைப்பக்கத்து ஊர் ஒன்றில் நாம் மூன்று பேராக ஆடி முடித்த ஆட்டத்தை இங்கே இன்னும் கதைக்கிறார்கள். ஏழு பேர் வான் வண்டியில் போனோம். ஒருத்திக்குக் கணுக்கால் பிரண்டது. மூன்று பேர் ஐந்து பவுல் வாங்கி வெளியே போய் இருந்துவிட்டார்கள். நீ, ஜூசி, நான் மட்டும் மிச்சம். எதிரில் ஐந்து பேர். இன்னும் நாலு நிமிடம் இருந்தது. நிறுத்திக்கொள்கிறீர்களா என்று நடுவர் கேட்டார். பயிற்சியாளர் உன்னைப் பார்த்தார். நீ பந்தைக் கேட்டாய். நான் அவர்களுடைய ஆட்களைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டு நின்றேன். நீ என் தோளைத் தட்டி, "எண்ணாதையடி, ஓடு" என்றாய்.

நாலு புள்ளியால் தோற்றோம். அந்த ஊர்ச் சனம் எழும்பி நின்று கைதட்டியது. திரும்பி வரும்போது நீ வானுக்குள் தோடம்பழம் உரித்து எல்லாருக்கும் ஒவ்வொரு சுளையாகக் கொடுத்தாய். "தோத்தது சரி. ஆனால் முடிச்சிட்டம்" என்றாய்.

படிப்பு முடிந்து நான் இந்த மேசைக்கு வந்தேன். நீ பிசியோதெரபி செய்யப் போனாய். ஆனால் சனிக்கிழமைகளில் அந்த மண்டபத்தை விடவில்லை. ஆள் போதாமல் அணி கலைகிற நிலைக்கு வந்தபோது, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிவந்து பத்து வருடம் பழக்கினாய். பிறகுதான் அந்த நோய். இரத்தத்தில் என்றார்கள். உன் அப்பா வேலையை விட்டுவிட்டு உன் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். கஞ்சி, மருந்து, ஊர்ப் புதினம், உன் அம்மாவின் பழைய கதைகள், எல்லாம் கதைத்தீர்கள். பந்தைப் பற்றி மட்டும் இரண்டுபேரும் வாய் திறக்கவில்லை. கடைசி மாதத்தில், அவரிடம் அதைச் சொல்லேன் என்று நான் கண்ணால் சாடை காட்டினேன். "பிறகு சொல்லுவம்" என்றாய். அந்தப் பிறகு வரவில்லை.

நீ போய் இரண்டு வருடமானபின், ஒருநாள் ஜூசி என்னைத் தேடி அலுவலகத்துக்கு வந்தாள். இப்போது அணியின் செயலாளர் அவள்தான். உன் எட்டாம் எண்ணுக்கு ஓய்வு கொடுக்கப் போவதாகச் சொன்னாள். எனக்கு முதலில் விளங்கவில்லை. சில இடங்களில் ஜேர்சியை மட்டும் மண்டபத்தில் மாட்டி மரியாதை செய்வார்களாம். எண்ணைப் பிறகு வருகிறவர்களும் போடலாம். வேறு சில இடங்களில் எண்ணையே எடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு யாரும் அதைப் போட முடியாது. உனக்குச் செய்யப் போவது இரண்டாவது. இந்த அணியில் இதுவரை யாருக்கும் அப்படிச் செய்ததில்லை.

"இப்ப எட்டு போடுற பிள்ளை?" என்று கேட்டேன்.

அவள் இரண்டாம் வருட மாணவியாம். செய்தி கேட்டவுடன் தானாகவே வந்து, எனக்குப் பந்து பிடிக்கப் பழக்கினவவின் எண், வேண்டுமென்றால் இன்றைக்கே கழற்றித் தருகிறேன் என்றாளாம். அப்படி அவசரப்படுத்துவது வழக்கமில்லை, இந்தப் பருவத்தை எட்டிலேயே ஆடி முடி என்று ஜூசி சொல்லியிருக்கிறாள். அடுத்த பருவத்துக்குப் பதினெட்டைக் கேட்டு வைத்திருக்கிறாள் அந்தப் பிள்ளை.

குடும்பத்தின் சம்மதம் மட்டும்தான் வேண்டியிருந்தது. முதுகில் 'செபமாலை' என்றிருக்கும் உன் ஜேர்சியைச் சுவரில் மாட்டப்போவதாக அணி எழுதிய கடிதத்தை எடுத்துக்கொண்டு உன் அப்பாவிடம் போனேன். அவர் கண்ணாடியைப் போட்டு, விரலை வைத்து மெதுவாக வாசித்தார். இரண்டாம் முறையும் வாசித்தார்.

"நல்ல விஷயம், பிள்ளை. செய்யட்டும்" என்றார். "ஆனால் பேரை மாத்தச் சொல்லு. அவளின்ரை சொந்தப் பேரைப் போடட்டும்."

"ஏன் அங்கிள்?"

"ஒரு நாளும் போய்ப் பாக்காதவன்ரை பேர் அங்கை என்னத்துக்குத் தொங்குது? பள்ளிக்கூடக் கந்தோர்க்காரன் பெட்டிக்குள்ளை எழுதினதை அவள் பாவம் முதுகிலை சுமந்து திரிஞ்சாள். இனியாவது இறக்கி வைப்பம்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. பலநாள் யோசித்து வைத்திருந்ததைச் சொல்வதுபோல அமைதியாகத்தான் சொன்னார். நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன். அவர் சொன்னது பிழை என்பது எனக்கு மட்டும் தெரியும். அது எப்படித் தெரியுமென்று சொல்வதானால் உனக்குக் கொடுத்த வாக்கு போய்விடும்.

மூன்றாம் வருடம் நமக்குப் புது ஜேர்சி தைத்தார்கள், நினைவிருக்கிறதா? முதுகில் என்ன பெயர் அடிக்க வேண்டுமென்று ஜூசி ஒரு குறிப்புக் கொப்பியோடு ஒவ்வொருத்தியிடமும் கேட்டு வந்தாள். சிலர் பட்டப்பெயர் சொன்னார்கள். நான் என் சொந்தப் பெயரைச் சொன்னேன். நீ கொஞ்சமும் யோசிக்காமல் 'செபமாலை' என்றாய். உடை மாற்றும் அறையில் உன்னைப் பிடித்துக் கேட்டேன். "ஏனடி, உன்ரை பேரைப் போடலாமே. அந்தாள் எட்டிக்கூடப் பாக்கிறேல்லை." நீ குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டே சொன்னாய்: "அவர் வரமாட்டார். அவரின்ரை பேராவது வரட்டும்." கட்டி முடித்து நிமிர்ந்து, "அவருக்குச் சொல்லிப்போடாதை. சொன்னால் கடமைக்கு வருவார். தானா வரட்டும்" என்றாய். நான் சரியென்று தலையாட்டினேன். பத்துப் பதினைந்து வருடம் அதைக் காப்பாற்றினேன்.

அன்றைக்கு அவர் முன்னால் சொல்லிவிட்டேன். அந்தக் கொப்பியை, நீ சொன்ன பெயரை, நாடா கட்டிக்கொண்டு சொன்ன வார்த்தையை, என்னிடம் வாங்கிய வாக்கை, ஒன்றும் விடாமல் சொன்னேன். உன் பக்கம் நின்று யோசித்தால் இது துரோகம்தான். ஆனால் ஒரு மனிதர் தன் பெயரைத் தானே சுவரிலிருந்து கழற்றச் சொல்லும்போது சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

அவர் கடிதத்தை மடித்து வைத்தார். "அவள் சொன்ன மாதிரியே திருப்பிச் சொல்லு" என்றார்.

சொன்னேன்.

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போனார். பைப்பில் தண்ணீர் ஓடுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தவர் நின்றபடியே கேட்டார்.

"எத்தினை மணிக்கு வரவேணும்?"

பருவத்தின் கடைசி ஆட்டம். பூசைக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார். உள்ளே வரும்போது தயங்கி, சப்பாத்தோடு மிதிக்கலாமோ என்று என்னிடம் கேட்டார். அந்தப் பலகை நிலத்தை அவர் கோயில் என்றே நினைத்துவிட்டார் போலிருந்தது. முன்வரிசையில் இருத்தினேன். நீ பழக்கிய பிள்ளைகள், அவர்களுடைய தாய்மார், நம் கோயில் ஆட்கள் என்று மண்டபம் நிறைந்திருந்தது. ஆட்டம் முடிந்தபின், எட்டாம் எண் பிள்ளை தன் ஜேர்சியைக் கழற்றி மடித்து ஜூசியிடம் கொடுத்தாள். பிறகு சுவரில் மூடியிருந்த துணியை இழுத்தார்கள். கண்ணாடிச் சட்டத்துக்குள் உன் ஜேர்சி. எங்கள் கொடியில் காய்ந்து காய்ந்து தோள்பக்கம் வெளிறிப்போன அதே ஜேர்சி.

ஒலிபெருக்கியில் எண்ணைச் சொன்னார்கள். பிறகு, சிசிலிக்காரர் வழக்கம்போல இழுத்து, "செபமாலை" என்றார்கள்.

உன் அப்பா எழும்பி நின்றார். "ஓம்" என்றார்.

பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும்தான் அது கேட்டது. மண்டபம் சேபா, சேபா என்று கூவிக் கைதட்டிக்கொண்டிருந்தது. சனம் ஓய்ந்து அமரும்வரை அவர் நின்றுகொண்டே இருந்தார். பிறகு என் காதுக்குள் வெட்கத்தோடு சொன்னார்: "என்னைக் கூப்பிடுறாங்கள் எண்டு நினைச்சிட்டன், பிள்ளை."

"உங்களையும்தான் அங்கிள்" என்றேன்.

இதுதான் நடந்தது. வாக்கை மீறியதற்கு நீ என்னைத் திட்டலாம். உன் முறைப்பை நான் அறியாதவளில்லை. ஆனால் நீ கேட்டது ஒன்று நடந்திருக்கிறது என்பதையும் உனக்குச் சொல்ல வேண்டும். புதுப் பருவம் தொடங்கியதிலிருந்து சனிக்கிழமைகளில் அவர் வருகிறார். யாரும் கூப்பிடுவதில்லை. நான் போவதற்கு முன்பே வந்திருக்கிறார். பதினெட்டாம் எண் பிள்ளை ஓடிவந்து அவருக்குக் கை கொடுத்துவிட்டுத்தான் ஆடப் போகிறாள். நடுவர் விசில் ஊதினால் என் கையைத் தட்டி, "இப்ப என்ன பிழை விட்டது?" என்று கேட்கிறார். விளங்கப்படுத்துகிறேன். பாதி விளங்குகிறது. மற்றப் பாதிக்கு நடுவரைக் குறை சொல்கிறார்.

இடைவேளையில் உன்னைப் பற்றிக் கேட்கிறார். நீ அவருக்குச் சொல்லாமல் விட்ட ஆட்டங்கள் எல்லாம் என்னிடம்தான் இருக்கின்றன. நீ பாய்ந்தது, விழுந்தது, பொய்யாக நொண்டியது, பயிற்சியாளரோடு வாயாடியது எல்லாம். ஒரு சனிக்கு ஒன்று என்று சொல்லி வருகிறேன். முழங்கையை முழங்காலில் ஊன்றி, தலையைச் சரித்துக் கேட்கிறார். நான் சொல்லி முடித்தாலும் விடுவதில்லை.

"பிறகு?" என்கிறார்.