ஏழு எழுத்தும் வெள்ளைப் பூவும்

நவம்பர் 8, சனி

மாலையில் தூறல். தக்காளிக் கூடைகளை உள்ளே இழுத்துப் போட்டதில் தோள் வலி. எல்லோரும் தூங்கிவிட்டார்கள். போர்வைக்குள் டார்ச்.

இங்கிலீஷ் மிஸ் கொடுத்த எழுத்துகள்: A, E, I, L, N, R, T. இவற்றை வைத்து வார்த்தைகள் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் A கட்டாயம். முதலில் நாமாக யோசிக்க வேண்டும், பிறகு போனில் சரிபார்க்கலாம். அடுத்த சனி தர்மபுரியில் போட்டி. எங்கள் பத்தாம் வகுப்பிலிருந்து நானும் சுமதியும்.

அப்பாவின் போன் பகலெல்லாம் அவரோடு தோட்டத்தில். ராத்திரி சார்ஜில் கிடக்கும்போதுதான் எடுக்க முடியும். எழுத்துகளைத் தட்டினால் வார்த்தைகளாகக் கொட்டும் பக்கம் ஒன்று இருக்கிறது.

நான் யோசித்தவை: rain, tail, nail, train, late. அதற்குமேல் தலை ஓடவில்லை. அந்தப் பக்கத்தில் இன்னும் எத்தனையோ. latrine ஏழு எழுத்தும் சேர்ந்த வார்த்தையாம். சுமதியிடம் சொன்னால் சிரித்தே சாவாள்.

கண் சொக்குகிறது.

நவம்பர் 9, ஞாயிறு

பயமாக இருக்கிறது. கையெழுத்தே என்னுடையது மாதிரி இல்லை.

நேற்று அந்தப் பக்கத்தை மூடாமலே தூங்கிவிட்டேன். விடிந்து பார்த்தால் அப்பா கையில் போன். ஓசூரிலிருந்து மாமா வந்திருந்தார், அம்மாவின் தம்பி. என்னை அவருக்குத்தான் கொடுப்பது என்று நான் தொட்டிலில் கிடந்தபோதே பேச்சு. கம்பெனியில் வேலை செய்கிறவர், இங்கிலீஷ் தெரியும் என்று அப்பா போனை அவரிடம் நீட்டினார்.

மாமா விரல் வைத்துப் படித்தார். "டிரெயின்னு இருக்குது மாமா. லேட்டுன்னு இருக்குது. லேட்டர்னா அப்புறமா. ட்ரெயில்னா பின்னாடியே வர்றது."

"அப்படின்னா?"

"பொம்மிடி ஸ்டேசன்ல டிரெயின் ஏறு, லேட்டானா பின்னாடியே வர்றேன்னு எவனோ சொல்றான். நேரா எழுதாம துண்டு துண்டா எழுதியிருக்கான். கக்கூஸுன்னு வேற இருக்குது."

"ஸ்டேசன் கக்கூஸா மாப்ள?"

"அங்கதான் நிக்கச் சொல்லியிருப்பான்."

போட்டி என்றேன். மிஸ் கொடுத்தது என்றேன்.

"ஏன் புள்ள, உங்க மிஸ்ஸு கக்கூஸுன்னு எழுதச் சொல்றாங்களா?" என்று கேட்டார் அப்பா.

அம்மா அடுப்படியிலிருந்து, "புள்ள படிக்குதுங்க" என்றாள். "நீ சும்மா இரு. வூட்டுல எல்லாரும் தூங்குனப்புறம் என்ன படிப்பு?" என்றார் அப்பா.

நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.

நவம்பர் 11, செவ்வாய்

வெயில். பள்ளிக்கு விட்டார்கள். பஸ் ஏறும்வரை அப்பா கூடவே நின்றார்.

மிஸ் அப்பாவுக்குப் போன் செய்து போட்டியைப் பற்றிச் சொன்னார்கள். "சரிங்க மிஸ், சரிங்க மிஸ்" என்றவர், வைத்ததும், "ராத்திரி நடக்கறது அந்தம்மாவுக்கு என்ன தெரியும்?" என்றார்.

முடிவு: வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் பூ கேட்பது. செவ்வரளி ஒரு பொட்டலம், வெள்ளரளி ஒரு பொட்டலம். சின்னப் பிள்ளை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் நான் படிக்கலாம், போட்டிக்கும் போகலாம். சிவப்பு வந்தால் தையில் மாமாவோடு கல்யாணம்.

எங்கள் வீட்டில் எல்லாமே இப்படித்தான். போர் போடும்போதும் கேட்டோம். வெள்ளை வந்தது, தண்ணீர் வரவில்லை. அப்பா சாமியை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பயம் வரும்போதெல்லாம் எழுத்துகளை மாற்றிப் போடுகிறேன். மாட்டுக்குச் சோளத்தட்டு அறுக்கும்போது learn. குடம் தூக்கும்போது alter. இது சரியா என்று தெரியாது. பார்க்க போன் இல்லை.

நவம்பர் 13, வியாழன்

தூக்கம் இல்லை. வகுப்பில் தூங்கித் தூங்கிச் சாமியாடினேன்.

சுமதி: "நீ வரலன்னா மிஸ் வேற ஆளப் போடுவாங்களாம்டி."

"வெள்ளப் பூ வந்தா வருவேன்."

"எங்க வூட்டு எருமைய பூ கேட்டுத்தான் வாங்குனோம். எப்பப் பாரு உதைக்குது."

சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. அவள் தன் டிபன் பாக்ஸை என் பக்கம் தள்ளினாள்.

நாளைக்கு: கற்பூரம், தேங்காய், எலுமிச்சை. வாழையிலை இருக்கிறது. பொட்டலம் கட்டுவது வீட்டுப் பெண்களின் வேலை. அம்மா கட்டுவாள்.

யூனிபார்ம் துவைத்துப் போட்டேன். எதற்கென்று தெரியாமலே.

நவம்பர் 14, வெள்ளி

வெள்ளை.

சித்தப்பா மகள் ஒரு பொட்டலத்தைத் தூக்கினாள், பூசாரி பிரித்தார், வெள்ளரளி. அப்பா கும்பிட்ட கையோடு நின்றார். மாமா செருப்பை மாட்டிக்கொண்டு யாருக்கும் காத்திராமல் நடந்துவிட்டார்.

திரும்பும்போது அம்மா இன்னொரு பொட்டலத்தை என்னிடம் கொடுத்தாள். "இத ஓடையில போட்டுட்டு வா கண்ணு. பிரிக்கக் கூடாது."

பிரித்தேன். அதிலும் வெள்ளை.

ஓடையில் தண்ணீர் குறைவு. பூ கல்லில் மாட்டி நின்றது. குச்சியால் தள்ளிவிட்டேன். அம்மா பாலத்தின் மேல் எனக்கு முதுகு காட்டி நின்றிருந்தாள்.

"போட்டுட்டியா?"

"போட்டுட்டம்மா."

அவ்வளவுதான். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது.

ராத்திரி அம்மா சாப்பிடவில்லை. வயிறு சரியில்லையாம். சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்தவள் வெகுநேரம் எழவே இல்லை.

அப்பா போனை அவராகவே நீட்டினார். "பாத்துக்க. காலைல ஆறு மணி பஸ்ஸு." பார்த்தேன். alter சரிதான். சந்தோஷப்படக்கூடத் தெம்பு இல்லை.

இப்போது படுத்துக்கொண்டு எழுதுகிறேன். நடையில் அப்பா பேசுவது கேட்கிறது.

"இந்த வருசத்துக்கு ஆத்தா சொல்லிட்டா. அடுத்த வருசம் மறுக்கா பூ கேட்டுப் பாத்துக்கலாம்."

"சரிங்க" என்றாள் அம்மா.

பாய் விரிக்கும் சத்தம். பிறகு அவள் குரல்:

"அப்பவும் பொட்டலத்த நானே கட்டறேனுங்க."