மீன் கூடையோடு போன முறுக்கு

என் கூடப்பிறந்த ராசாவுக்கு, என் சுடலைமுத்து அண்ணனுக்கு,

நீ போய்ச் சேர்ந்து, வருகிற மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. நம் ஊர்ச் சங்கத்துக்காரர்கள் உன் நினைவுக்கு ஒரு மலர் போடுகிறார்கள். தாராவியில் தெரிந்தவர்கள் எல்லாரும் அதில் உன்னைப் புகழ்ந்து எழுதியிருக்கிறார்கள். நேற்றுச் செயலாளர் வந்து அதை உன் பெண்டாட்டி மைனிக்கும் எனக்கும் வாசித்துக் காட்டினார். உன் படத்துக்குக் கீழே 'தோல்வி என்பதையே அறியாத உழைப்பாளி' என்று போடப்போகிறார்களாம். மைனி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அழுகை வரவில்லை அண்ணே. உன்னை எழுப்பி உட்காரவைத்து நாலு கேள்வி கேட்க வேண்டும் போல் ஆத்திரம்தான் வந்தது.

எழுப்ப முடியாதே. அதனால் எனக்கும் அந்த மலரில் ஒரு பக்கம் வேண்டும் என்று கேட்டேன். தங்கச்சி எழுதினால் உருக்கமாக இருக்கும் என்று அவரும் சந்தோஷமாகச் சம்மதித்தார். இதைப் படித்துவிட்டு மனுஷன் என்ன பாடுபடப் போகிறாரோ.

உன்னை அறியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் நம் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தோல் கிடங்கு வேலையை உதறிவிட்டு நீ முறுக்கு வியாபாரம் தொடங்கினாய். மைனி மாவு பிசைந்து முறுக்குச் சுற்றுவாள், நான் எண்ணெயில் போட்டு எடுப்பேன், நீ கூடையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறி அம்பர்நாத் போய் ஒரு ஃபாக்டரி கேன்டீனில் கொடுத்துவிட்டு வருவாய். அடுப்பு நம்முடையது இல்லை. அடுத்தவர் கொட்டகை, வாடகை அடுப்பு. அவர் வந்து நின்றால் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தாலும் இறக்கிவைத்துவிட்டு நகர வேண்டும். சொந்தமாக ஒரு கொட்டகை போட வேண்டும் என்பதுதான் நம் மூன்று பேருக்கும் இருந்த ஒரே ஆசை. அந்தக் கேன்டீன் ஆர்டர் நிலைத்தால்தான் அது நடக்கும். மழை முடிகிற நேரத்தில் காமாலை உன்னைக் கொண்டுபோனது. கூடை என் தலைக்கு வந்தது.

கடைசி வருஷத்தில் நீ தினமும் விடிவதற்கு முன்னால் முதல் வண்டிக்கே கிளம்பிவிடுவாய். அது உன் சுறுசுறுப்பு என்று சந்து முழுக்கப் பேச்சு. நானும் அப்படித்தான் நினைத்துப் பெருமைப்பட்டேன். எனக்குச் சமையலை முடித்து, தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுத்தான் கிளம்ப முடியும். எட்டு மணி வண்டிக்குப் போனால் என்ன குடிமுழுகிவிடும் என்று போனேன்.

மற்றப் பெட்டியில் கூடையோடு ஏறினால் 'ஏ மதராஸி' என்று விரட்டுகிறார்கள். சாமான் ஏற்றுகிற லக்கேஜ் டப்பாவில் ஏறினேன். அங்கே கல்யாணுக்குப் போகிற மீன்காரப் பெண்கள் கூடைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி, 'ஆவ் பஹின்', வா தங்கச்சி, என்று நகர்ந்து இடம் கொடுத்தாள். அவள் கூடைமேல் என் கூடையை வைத்துக்கொள்ளச் சொன்னாள். என்ன நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டு வைத்தேன். எண்ணெய்ப் பலகாரம் பக்கத்தில் இருக்கிற வாசனையை எல்லாம் உறிஞ்சிக்கொள்ளும் என்று அடுப்படியிலேயே கிடக்கிற எனக்குத் தெரியாதா? தெரியும். மீன் நடுவிலேயே உட்கார்ந்து வந்த என் மூக்குக்குத் தெரியவில்லை.

கேன்டீன் நடத்துகிற தேவசகாயம் அண்ணாச்சி துணியை விலக்கினார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். பக்கத்தில் நின்ற ஒரு தொழிலாளி ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டுத் துப்பினான். நான் கூசிக் குறுகிப் போனேன். மெதுவாக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அதற்கு அவர் சொன்னதைக் கேள்.

"ஒங்க அண்ணனுக்கும் இதேதாம்மா ஆச்சு. போன வருசம் ஒரு கூடை முழுக்க மீன் கவுச்சி. நாந்தான் திருப்பி அனுப்புனேன். அதுக்கப்புறம்தான் அவரு மீன்காரிங்க ஏறாத முதல் வண்டியில வர ஆரம்பிச்சாரு. ஒங்ககிட்டச் சொல்லலியா?"

சொல்லவில்லை அண்ணாச்சி. எங்கள் அண்ணன் சொல்லவில்லை.

நிறைந்த கூடையை மறுபடி தலையில் ஏற்றிக்கொண்டு வந்து ஸ்டேஷனில் உட்கார்ந்தபோது எனக்கு அந்தச் சாயங்காலம் ஞாபகம் வந்தது. வெறுங்கூடையோடு வந்தாய். 'அம்புட்டும் வித்துப்போச்சுளா' என்று சிரித்தாய். மைனிக்குப் பூ வேறு வாங்கி வந்திருந்தாய். அந்தக் கூடை முறுக்கை எங்கே கொட்டினாய் அண்ணே? கல்யாண் உப்பங்கழியிலா, தண்டவாளத்திலா? கொட்டிவிட்டு, எந்தக் கையால் பூ வாங்கினாய்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயே, அந்தச் சோற்றைத் தின்றவள் நான்தானே?

தப்புச் செய்யாதவன் யார்? ஆனைக்கும் அடி சறுக்கும். நீ தப்பிலிருந்து கற்றுக்கொள்ளாதவனும் இல்லை. கற்றுக்கொண்டாய், வண்டியை மாற்றினாய். ஆனால் கற்றதை உன்னோடேயே வைத்துக்கொண்டாய். ஆண்பிள்ளை, வீட்டுக்குப் பெரியவன், தங்கச்சி முன்னால் தலைகுனியக் கூடாது என்று ஒரு கௌரவம். உன் கௌரவத்தைத் தூக்கிப் பிடிக்க நான் அம்பர்நாத்தில் அத்தனை பேர் முன்னால் தலைகுனிந்தேன்.

தோற்றதை மறைத்தாய், சரி. ஜெயித்ததையாவது ஒழுங்காகச் சொன்னாயா? ஒரு மாதம் முறுக்கு மொறுமொறுவென்று வந்து கேன்டீன்காரர் இரண்டு மடங்கு கேட்டார். நீ இசக்கியம்மனுக்குத் தேங்காய் உடைத்துவிட்டு எல்லாம் அவள் கிருபை என்றாய். அடுத்த மாதம் முறுக்கு எண்ணெய் குடித்துச் சொதசொதத்தது. அம்மன் ஏன் கோபித்துக்கொண்டாள் என்று யோசித்தோமே தவிர, அரிசியைப் பார்த்தோமா? முதல் மாதம் ரேஷனில் பழைய அரிசி போட்டான், அடுத்த மாதம் புதுசு. நீ போன பிறகு மைனியும் நானும் உட்கார்ந்து பேசியபோதுதான் இது புரிந்தது. ஜெயித்தால் அம்மன், தோற்றால் மூச்சுவிடக் கூடாது. நடுவில் மனுஷர்கள் கற்றுக்கொள்ள நீ என்ன மிச்சம் வைத்தாய்?

கூடையோடு விட்டாயா? கண் மஞ்சளாகிக் கிடந்தபோதும் அதையேதான் செய்தாய். வெறும் பித்தம் என்றாய். மைனி ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டதற்கு, லீவு போட்டால் ஆர்டர் போய்விடும் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினாய். பிளாட்பாரத்தில் விழுந்து யாரோ தூக்கிவந்து போட்ட பிறகுதான் உன் வயிறு எவ்வளவு வீங்கியிருந்தது என்று நாங்கள் பார்த்தோம். இந்தச் செத்தேபோகிற கெட்டிக்காரத்தனத்தைத்தான் மலரில் போட்டுப் புகழ்கிறார்கள்.

திருப்பி அனுப்பிய அன்று நான் வீட்டுக்கு வந்ததும் கூடையை நடு அறையில் வைத்துத் துணியை எடுத்தேன். மைனி பதறிவிட்டாள். "ஏளா, வெளிய சொல்லாத. தொழில் பேரு கெட்டுப்போவும்" என்று கதவைச் சாத்தப் போனாள். நான் திறந்தேன். நம்மோடு மாவு இடிக்க வருகிற செல்லம்மாளையும் கூப்பிட்டு முகர்ந்து பார்க்கச் சொன்னேன். என்ன நடந்தது, எந்த வண்டி, எந்த டப்பா, எல்லாவற்றையும் சொன்னேன். செல்லம்மாள் கேலி செய்யவில்லை. மூடி இறுக்கமான டால்டா டின்னில் ஆறவைத்துப் போட்டுப் போகலாமே என்றாள். அந்த யோசனை உன் வாயிலிருந்து அல்லவா ஒரு வருஷம் முன்னால் வந்திருக்க வேண்டும்.

மறுநாள் விடியுமுன் வெறுங்கையோடு அம்பர்நாத் போனேன். எங்கள் சரக்கில் என்னென்ன குறை, எது நன்றாக இருந்தது என்று தேவசகாயம் அண்ணாச்சியிடமே கேட்டேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டே ஒரு பாட்டம் சொன்னார். இத்தனை வருஷத்தில் யாரும் தன்னிடம் இப்படிக் கேட்டதில்லை என்றும் சொன்னார். ஒரு மாதம் பார்க்கிறேன் என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஈடும் எடுத்தவுடன் செல்லம்மாளோடு மூன்று பேரும் கடித்துப் பார்க்கிறோம். கருகினால் ஏன் கருகியது, நன்றாக வந்தால் ஏன் நன்றாக வந்தது என்று சண்டை போடாத குறையாகப் பேசுகிறோம். மாதம் முடிந்தது, ஆர்டர் நிலைத்தது. சேர்த்த காசில், இரண்டு வாரத்துக்கு முன்னால் கும்பார்வாடா பக்கத்தில் நம் சொந்தக் கொட்டகையில் பால் காய்ச்சினோம் அண்ணே. நீ பார்க்கவில்லை. அந்தக் கோபமும் உன்மேல்தான்.

பால் காய்ச்சின மூன்றாம் நாள். எண்ணெய் காய்ந்து நிற்கிறது, ஃபாக்டரியில் பூஜை என்று பெரிய ஆர்டர். மைனி சுற்றுகிற முறுக்கெல்லாம் கோணிக்கொண்டு போனது. அவள் கையைத் தொட்டுப் பார்த்தால் அனல். கேட்டதற்கு, "அடுப்புச் சூடுதான். மொதல்ல ஆர்டரு போவட்டும்ளா" என்றாள். கண்ணிமையை விலக்கிப் பார்த்தேன். மஞ்சள்.

நான் அவளைத் திட்டிய திட்டு கும்பார்வாடா முழுக்கக் கேட்டிருக்கும். உன்னைத் திட்டவேண்டியதும் சேர்ந்துதான் வந்தது. புது அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்தேன். பிசைந்த மாவு அப்படியே கிடந்தது. அவளை டாக்ஸியில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஆரம்பம்தான், பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டர் சொன்னார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து, நீ போனபோது அழாத அழுகையை எல்லாம் அழுதேன்.

பூஜை ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விட்டது. சரக்கு இல்லை, காரணம் இது என்று நானே போய் அண்ணாச்சியிடம் சொன்னேன். அவருக்கு வருத்தம்தான். அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார். மைனி இப்போது கஞ்சி குடிக்கிறாள், என்னைத் திட்டுகிறாள்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அண்ணே. இந்த வீட்டில் இனி கருகினதையும் சொல்லுவோம், காய்ச்சலையும் சொல்லுவோம். இனி யாரையும் சொல்லாமல் சாக விடமாட்டேன். உன்னைத்தான் விட்டுவிட்டேன்.

உன்மேல் கோபம் தீராத தங்கை,
பேச்சியம்மாள்
தாராவி, பம்பாய்