உயிரோடு இருப்பவரின் நினைவாக

அண்ணே,

ஷட்டரைத் தூக்கியதும் முதலில் வருவது அந்த வாடைதான். பழைய இசைத்தட்டு உறைகளின் ஈர அட்டை வாடை. அதற்கு மேல், பின்கட்டில் அண்ணி போண்டா சுடும் எண்ணெய் வாடை. போன ஞாயிற்றுக்கிழமையும் அது வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, பழக்கதோஷத்தில் உங்களைத் தேடினேன். நீங்கள் போய் ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது.

வெளியூரில் யாரிடமாவது உங்கள் கடையைப் பற்றிச் சொன்னால் நம்பத் தயங்குகிறார்கள். திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறை இருக்கும், பிரியாணிக் கடை இருக்கும், இசைத்தட்டு மட்டும் விற்கிற கடையா என்கிறார்கள். மணிக்கூண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது, முன்பு அது புளிக் கிட்டங்கி, தரை இன்றும் பலகைத் தரைதான் என்று சொல்வேன். மாதத்தின் முதல் ஞாயிறு சாயங்காலம் அலமாரிகளை ஓரம் தள்ளி, ஜமுக்காளம் விரித்து அங்கே கச்சேரி நடக்கும். ஓர் ஆர்மோனியம், ஒரு தபேலா, பாடுகிறவர் ஒருவர். கேட்க வருகிறவர்கள் பாட்டின் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதித் தகர டப்பாவில் போட வேண்டும். யாருக்காக அந்தப் பாட்டு என்பதையும் எழுத வேண்டும். உயிரோடு இருப்பவருக்கு ‘வாழ்த்தி’, இறந்தவருக்கு ‘நினைவாக’. பாடகருக்குத் தெரியாத பாட்டென்றால் அதன் தட்டைத் தேடி எடுத்து ஓடவிடுவீர்கள்.

நீங்கள் வைத்திருந்தவை இரண்டு விதிகள். சீட்டில் இருப்பதை அப்படியே வாசிக்க வேண்டும். தட்டு சுழலும்போது யாரும் எழுந்திருக்கக் கூடாது. ஆள் நடந்தால் பலகை அதிர்ந்து முள் தாவிவிடும். நத்தத்து மாந்தோப்புக்காரர் ஒருவர் தன் காளைமாட்டை வாழ்த்தி எழுதியதையும் நீங்கள் முகம் மாறாமல் வாசித்தீர்கள். மளிகைக் கடை சவரியம்மாள், ‘என் வீட்டுக்காரர் குடிக்காமல் இருந்த நாட்களின் நினைவாக’ என்று எழுதியபோது கடை முழுவதும் சிரித்தது. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த அந்த வீட்டுக்காரரும் சிரித்தார். இதையெல்லாம் வாசிக்கத்தான் வேண்டுமா என்று ஒருமுறை கேட்டேன். “எழுதுனத வாசிக்கிறேன். திருத்துறதுக்கு நான் என்ன பத்திரிகையா நடத்துறேன்?” என்றீர்கள். அடி பத்திரிகைக்காரனான எனக்கு.

பாடகன் சகாயராஜை நீங்கள் கண்டுபிடித்தது ஒரு மாதா கோயில் திருவிழாவில். அங்கே ஒலிபெருக்கி உங்களுடையது. நான் செய்திக்காக வந்திருந்தேன். மெல்லிசைக் குழுவின் பாடகருக்குத் தொண்டை கட்டிக்கொள்ள, நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த இவனை யாரோ மேடையில் ஏற்றிவிட்டார்கள். வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தவன். இரண்டு வரி பாடியதும் என் கையைப் பிடித்து, “இவன் குரல்ல தண்ணி இருக்குய்யா” என்றீர்கள். அடுத்த மாதத்திலிருந்து உங்கள் ஜமுக்காளத்தில் பாடினான்.

ஆலைப் பேருந்தில் கூட வந்த கவிதாவை அவன் பதிவுத் திருமணம் செய்துகொண்டபோது சாட்சிக் கையெழுத்து உங்களுடையதும் என்னுடையதும். இருவரும் வேறு வேறு சாதி. அவள் வீட்டில் தலை முழுகிவிட்டதாகச் சொல்லியனுப்பினார்கள். அதோடு முடிந்தது என்று சகாயராஜ் நம்பினான். நீங்கள் நம்பவில்லை. “முழுகுனவன் துண்டைப் பிழிஞ்சிட்டுப் போகணும்ல. ஒரு பய சந்து முனையிலயே நிக்கிறான்” என்றீர்கள். நானும் பார்த்தேன். பூட்டுப் பட்டறைக்கு எதிரே ஒரு மோட்டார் சைக்கிள். அதன் மேல் ஒருவர் கைபேசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். நாம் ஷட்டரை இறக்கும்வரை அந்தக் கைபேசி ஒருமுறைகூட ஒலித்ததில்லை.

அடுத்த கச்சேரிக்கு அவர் உள்ளேயே வந்தார். கூட இன்னொருவர். வாசலை ஒட்டி உட்கார்ந்தார்கள். பாட்டுக்குத் தலையாட்டினார்கள். சீட்டு எழுதவில்லை. அதற்கடுத்த மாதம் என் பக்கத்தில் வந்து அமர்ந்து, “பேனா கொஞ்சம் குடுங்க சார்” என்றார். கொடுத்தேன். எழுதி, மடித்து, டப்பாவில் போட்டுவிட்டு, மூடியைச் சரியாகத் திருகிப் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வாசலோரத்துக் கூட்டாளியிடம் போய் உட்கார்ந்தார். நல்ல மரியாதை தெரிந்தவர்.

அன்று சீட்டை எடுத்துப் பிரித்த நீங்கள் வாயைத் திறந்து, மூடினீர்கள். நீதிமன்றத்தில் தீர்ப்பு வாசிக்கும் முகங்கள் பல பார்த்திருக்கிறேன். அந்த மாதிரி முகம் அது. பிறகு பாட்டின் பெயரைச் சொல்லி, “இந்தக் கடைக்காரர் நினைவாக” என்று வாசித்தீர்கள்.

கடை சிரித்தது. “ஏண்ணே, அதுக்குள்ள டிக்கெட் எடுத்துட்டீகளா?” என்றார் தபேலாக்காரர்.

“கூட்டம் வாரதுக்கு முன்னாடி ரிசர்வ் பண்ணிக்கிறது நல்லதுதானப்பு” என்றீர்கள்.

சகாயராஜும் சிரித்துக்கொண்டே அந்தப் பாட்டைப் பாடினான். நன்றாகப் பாடினான். வாசலோரத்து இருவர் மட்டும் சிரிக்கவில்லை.

பாட்டு முடிந்ததும் அவன் வழக்கம்போலத் தண்ணீர் குடிக்கத் திரைக்குப் பின்னால் பின்கட்டுக்குப் போனான். அண்ணிக்கு உதவியாகக் கவிதாவும் அங்கேதான் இருந்தாள். நீங்கள் ஒரு பெரிய தட்டை எடுத்து வைத்து, இனி பாடகருக்கு ஓய்வு என்று அறிவித்தீர்கள். என்னைக் கிட்ட அழைத்துச் சீட்டை உள்ளங்கையில் அழுத்தினீர்கள். ‘பாடகர் சகாயராஜ் நினைவாக’ என்று இருந்தது. உருண்டையான, அழகான கையெழுத்து.

“முள்ளை நீ வையி. முதப் பக்கம் முடிஞ்சா உடனே திருப்பிப் போடு. எடவெளி விடாத” என்று முணுமுணுத்துவிட்டுத் திரைக்குள் போனீர்கள். நான் முள்ளை வைத்தேன்.

இரண்டாவது பாட்டில், பேனா வாங்கியவர் எழுந்தார். பலகை கிறீச்சிட்டது. முன்வரிசையிலிருந்து சவரியம்மாள் திரும்பிப் பார்த்தார்.

“ஏலே அப்பு, உக்காரு. தட்டு சுத்துதுல்ல.”

“இல்லீங்க, செத்த வெளிய…”

“சுத்தி முடியட்டும், போகலாம். உனக்கு மட்டும் தனிக் காலா இருக்கு?”

கடை மொத்தமும் அவரைத் திரும்பிப் பார்த்தது. அவர் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடி என்னைப் பார்த்தார். நான் முள்ளைப் பார்த்தேன். பக்கம் திருப்பும்போது இரண்டாமவர் எழுந்து திரையை நோக்கி நாலைந்து அடி வைத்தார். நான் முள்ளை இறக்கியதும், யாரோ வேட்டியைப் பிடித்து இழுக்க, நின்ற இடத்திலேயே சம்மணமிட வேண்டியதாயிற்று. சீட்டில் என்ன இருந்தது என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. தட்டில் கீறல் விழக் கூடாதென்று காவல் இருந்தார்கள், அவ்வளவுதான்.

தட்டு முடிந்ததும் இருவரும் பின்கட்டுக்கு நடந்தார்கள். நானும் பின்னாலேயே வந்தேன். எண்ணெய்ச் சட்டி அடுப்பிலிருந்து இறங்கியிருந்தது. நீங்கள் மட்டும் நின்று போண்டா தின்றுகொண்டிருந்தீர்கள்.

“தங்கச்சி எங்கீங்க?” என்றார் பேனா வாங்கியவர். அவர்தான் கவிதாவின் அண்ணன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

“எந்தத் தங்கச்சிப்பு? எங்க வீட்டம்மாவா? கடைவீதிக்குப் போயிருக்கா. போண்டா எடுத்துக்கங்க, ஆறிரும்.”

அவர் ஒன்றை எடுத்துப் பொறுமையாகத் தின்றார். கையைத் துடைத்துக்கொண்டு, “நல்லா இருக்குங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தம் கேட்கும்வரை நீங்கள் மென்றதை விழுங்கவில்லை.

அதற்குள் அண்ணி சகாயராஜையும் கவிதாவையும் பட்டறைச் சந்து வழியாகப் பேருந்து நிலையம்வரை கொண்டுபோய் விட்டிருந்தார். எந்த ஊருக்கு என்பதை அவரிடம் நீங்கள் சொல்லவில்லை. சொல்ல வந்தபோது அவரே தடுத்துவிட்டாராம்: “எனக்கு வேணாம். என் வாய் நிக்காது.” உங்கள் பழைய கச்சேரி நண்பர் ஒருவர் வேறோர் ஊரில் அவர்களுக்கு வீடும் வேலையும் பார்த்துக் கொடுத்தார். ஊரின் பெயரை என்னிடம் மட்டும் சொன்னீர்கள். எதற்கு என்னிடம் என்று கேட்டேன். “ஒருத்தனுக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா அது ரகசியம் இல்லய்யா, ஆபத்து. எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அதுக ரெண்டும் எங்க இருக்குன்னு இங்க யாருக்குத் தெரியும்?” என்றீர்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம். வாங்கி வைத்துக்கொண்டு, எழுதியது இன்னார் என்று நிரூபிக்க முடியுமா என்று கேட்டார்கள். நான் செய்தியாக எழுதவில்லை. எழுதினால் படிக்கிறவர்களில் கவிதாவின் அண்ணனும் ஒருவராக இருப்பார்.

உங்கள் மரணம் இயற்கையானது. மருத்துவரிடமும் செவிலியரிடமும் தனித்தனியே கேட்டுக்கொண்டேன், தொழில் புத்தி. இதயம் நின்றிருந்தது. வேறொன்றும் இல்லை. உங்கள் அடக்கத்துக்கு அந்த அண்ணன் வந்திருந்தார். நல்ல மாலை. கல்லறைத் தோட்ட வாசலில் என் அருகே நின்று, “பெரியவருக்கு நிறைய விசயம் தெரிஞ்சிருந்துச்சுங்க. அதெல்லாம் இப்ப யாருகிட்ட இருக்குங்க சார்?” என்றார். குரலில் துக்கம் இருந்தது. அது பொய் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

இப்போது சீட்டு வாசிப்பது நான். போன ஞாயிறன்று டப்பாவில் அந்த உருண்டைக் கையெழுத்து வந்தது. ஒரு தாலாட்டுப் பாட்டு. ‘என் மருமகளை வாழ்த்தி’.

கவிதாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது எனக்குத் தெரியும். இந்த ஊரில் நான் ஒருவரிடமும் சொல்லவில்லை, அண்ணியிடம்கூட. உங்கள் விதிப்படி அதை அப்படியே வாசித்தேன். புதிதாக வந்த பாடகி தாலாட்டைப் பாடினாள். அவர் கண்களை மூடிக் கேட்டார்.

கலையும்போது என்னிடம் வந்தார். “காது குத்துக்கு மடி நாந்தானுங்களே குடுக்கணும்? தாய்மாமன் இல்லாம எப்படிங்க? ஊரை மட்டும் சொல்லுங்க சார், சீரோட போறேன்.”

அவர் சொல்வது முறைதான். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்துவார்கள். அதைக் கேட்கும் ஒருவர் முகத்தில் பாசம் இருக்கலாம். மனிதர்களின் முகம் பார்த்தே பிழைத்தவன் நான். அவர் முகத்தில் எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. “எனக்குத் தெரியாதே தம்பி” என்றேன். “பரவால்லீங்க, பாதி தெரிஞ்சிருச்சு” என்றார். எந்தக் குழந்தை என்று நான் கேட்காமல் விட்டது அப்போதுதான் உறைத்தது.

அன்று வீடு திரும்பியதும் கவிதாவை அழைத்துச் சொன்னேன். பின்னால் குழந்தை சிணுங்கியது.

“எங்கண்ணன் அப்படித்தான் சார், நல்லாத்தான் பேசும். அழுதுச்சா?”

“இல்லம்மா.”

“அப்பச் சரி, கெளம்பிர்றோம்” என்றாள்.

நேற்று கூப்பிட்டாள். வேறு ஊருக்குப் போய்விட்டார்களாம். “பேரைச் சொல்லவா சார், வேணாமா?” என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லத்தான் நா எழுந்தது. இப்போது என்னையும் கவனிக்கிறார்கள். ஆனால் அந்த மூவரும் எங்கே இருக்கிறார்கள் என்று இந்தப் பக்கத்தில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்பது உங்கள் கணக்கு. “சொல்லும்மா” என்றேன்.

கேட்டதை எழுதி வைக்காமல் தூங்கியதில்லை நான். நேற்று எழுதவில்லை. இந்த மடலிலும் எழுத மாட்டேன். இன்று காலை பேருந்து நிலையத்தில் அந்த ஊர்ப் பலகை மாட்டிய வண்டி ஒன்று நின்றது. பக்கத்தில் யாரோ நின்றிருந்தார்கள். நான் அதைப் பார்க்காமல், பழனி வண்டியின் பலகையை எழுத்தெழுத்தாகப் படித்துக்கொண்டு நின்றேன்.