பலகைக் கணக்கும் ஊர்க் கணக்கும்

அன்புள்ள என்னங்கவுக்கு,

இதைப் பார்த்ததும் சிரிப்பீர்கள். பதினேழு வருஷமாக அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன், காகிதத்தில் மட்டும் வேறு என்ன எழுதுவதாம்? நான் நலம். நீங்களும் பாப்பாவும் உங்கள் அக்காவும் நலமா? பாப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டதா? புதுப் பள்ளிக்கூடத்தில் யாரோடாவது ஒட்டிக்கொண்டாளா, இல்லை வழக்கம்போல ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளா?

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் தெருவைத் திரும்பக் கட்டப்போவதில்லை. அதற்குக் காரணம் நான். ஏன் என்பதைப் போனில் சொல்ல எனக்குத் தைரியமில்லை. பாதியிலேயே அழுது வைத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

வெள்ளம் விட்டுப்போன வீட்டுச் சேறு முழுவதும் வாரியாகிவிட்டது. கதவுகள் ஊதிப்போய் ஒன்றும் சாத்த வரமாட்டேன் என்கிறது. சுவரில் தண்ணீர் நின்ற கோடு சுவிட்சுப் பலகைக்கும் மேலே இருக்கிறது, இரண்டு முறை சுண்ணாம்பு அடித்தும் மறுநாளே தெரிகிறது. தெருவின் நாற்பத்திரண்டு வீட்டில் பதினோரு வீட்டில்தான் விளக்கு எரிகிறது. வேலை முடிந்து வரும்போது என் செருப்புச் சத்தம் எனக்கே யாரோ பின்னால் வருவதுபோல் கேட்கிறது. திரும்பிப் பார்க்கிறேன், வெட்கக்கேடு. மாமாவின் மூக்குக்கண்ணாடி கேஸ் அடுப்புக்குப் பின்னால் கிடைத்தது. கழுவித் துடைத்தேன். எங்கே வைப்பது என்று தெரியாமல் மத்தியானம் முழுவதும் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போன மாதம் வெளியூரிலிருந்து மூன்று அதிகாரிகள் வந்து பள்ளிக்கூட ஹாலில் கடை பரப்பினார்கள். சுவர் நிறைய ஊரின் வரைபடம். ஒவ்வொரு தெருவையும் மேடாக்கி, கரை கட்டி, புது மோட்டார் வைக்க எவ்வளவு செலவு, கட்டினால் முப்பது வருஷத்தில் வெள்ளச் சேதம் எவ்வளவு மிச்சம் என்று கணக்கு. மிச்சம் கூடினால் பச்சை, செலவு கூடினால் சிவப்பு. சிவப்புத் தெருக்காரர்களுக்கு மேட்டுப்பக்கம் மனை கொடுத்து அனுப்பிவிடுவார்களாம். நம் தெரு மயிரிழையில் பச்சை.

அவர்களில் ஒரு சின்னப் பெண், நல்ல மாதிரி. உயிருக்கும் விலை போட்டிருக்கிறீர்களா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "போட்டுத்தாங்க ஆகணும், இல்லேன்னா அந்தக் கட்டத்துல சைபர்னு எடுத்துக்குவாங்க" என்றாள். வயதானவர்களுக்குத் தொகையைக் குறைத்திருந்தார்கள். மாமாவுக்கு எவ்வளவு வரும் என்று மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். ஏன் போட்டேன் என்று இன்னமும் என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

தெருவில் எல்லோருக்கும் பச்சை என்றதும் உயிர் வந்துவிட்டது. மூலை வீட்டுத் தையல்காரர் கடைக்குப் புதுப் பெயர்ப்பலகை எழுதக் கொடுத்துவிட்டார். மேட்டுப்பக்கம் போனால் யார் இவரைத் தேடி வந்து பிளவுஸ் தைக்கக் கொடுப்பார்கள்? அங்கே பஸ் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை, ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரம். அவர்கள் ஆசையில் ஒரு குற்றமும் இல்லை. எனக்கும் அந்த ஆசைதான். நீங்கள் வாசலில் நின்று சாவியைத் தேடுவதுபோல நினைத்துக்கொண்டே எத்தனை நாள் தூங்கியிருக்கிறேன் தெரியுமா?

இனிமேல்தான் கஷ்டமான பகுதி. தண்ணீர் இறைக்கும் எங்கள் மோட்டார் நிலையத்துக்கு எதிரே பாலத்துத் தூணில் தண்ணீர் அளவு பார்க்கும் பலகை இருக்கிறதல்லவா? ஆறு வருஷத்துக்கு முன்னால் பாலத்தைப் பழுது பார்த்தபோது, காண்டிராக்டர் ஆட்கள் அதைக் கழற்றி, இரண்டடி மேலே தூக்கி மாட்டிவிட்டுப் போனார்கள். தண்ணீர் ஆறடி நின்றால் பலகை நாலு என்று காட்டும். இரண்டு முறை எழுதிப் போட்டோம், ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அதனால் நானும் என்கூட ஷிப்டு பார்க்கும் அண்ணனும் எங்களுக்குள் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம். நிலையத்துக்குள் பேசும்போது பலகைக் கணக்கு. வெளியே யாராவது கேட்டால் இரண்டு கூட்டி ஊர்க் கணக்கு. பதிவேட்டில் மட்டும் பலகைக் கணக்கையே எழுதுவோம், இல்லாவிட்டால் சோதனைக்கு வருகிறவர் கையெழுத்துப் போடமாட்டார். கேலிக்கூத்துதான், ஆனால் பழகிவிட்டது.

வெள்ளம் வந்த அன்றைக்கு மத்தியானம் மாமா போன் செய்தார். தண்ணீர் அஞ்சடி வந்தால் மாடிவீட்டு டீச்சர் வீட்டுக்கு ஏறிவிடுவது என்று நீங்களும் அவரும் பேசி வைத்திருந்தீர்கள். "எத்தனைம்மா இருக்கு?" என்று கேட்டார். ஒரு மோட்டார் புகைந்துகொண்டிருந்தது, அண்ணன் அந்தப் பக்கமிருந்து அளவைக் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார், நான் இரண்டு பேருக்கும் ஒரே பதிலாக நாலு என்று சொன்னேன். "நாலா? சரிம்மா, நீ வேலையப் பாரு" என்று வைத்துவிட்டார். நான் கூட்டவில்லை. அவரிடம் இரண்டைக் கூட்டிச் சொல்லவில்லை. அப்போது தண்ணீர் ஆறில் இருந்தது.

ஒரு மணி நேரம் கழித்துத்தான் எனக்கே உறைத்தது. திரும்பத் திரும்ப அடித்தேன், மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. அன்றிலிருந்து நிலையத்தில் போன் அடித்தால் நான் எடுப்பதில்லை, அண்ணன்தான் ஓடி வருகிறார். காய்கறிக் கடையில் நாலு தக்காளி கேட்டுவிட்டு ஆறை எண்ணி எடுத்திருக்கிறேன். கடைக்காரர் என்னைப் பைத்தியம் என்றே முடிவு கட்டிவிட்டார்.

இப்போது அதிகாரிகள் எங்கள் பதிவேட்டை வைத்துத்தான் மொத்தக் கணக்கும் போட்டிருக்கிறார்கள். அந்த ஆறு வருஷமும் இரண்டடி குறைவு. அந்த இரண்டடி குறைவில்தான் நம் தெரு பச்சை. கரையை இரண்டடி கூட்டிக் கட்டினால் செலவு மிச்சத்தைத் தாண்டிவிடும். சொல்லிவிடலாமா என்று அண்ணனிடம் கேட்டேன். அவர் வீடும் இதே தெருதானே, கையைப் பிடித்துக்கொண்டார். "நாப்பது குடும்பத்து வயித்துல அடிக்காதேம்மா. போனவர் போயிட்டார், இருக்கறவங்க இருக்கட்டும்" என்று அழுதார். அவர் சொன்னதும் சரியாகத்தான் பட்டது. நாலு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். ஐந்தாம் நாள் கரைக்கு அளவு குறிக்கச் சுண்ணாம்புக் கோடு போட வந்தார்கள். தையல்காரரின் மாமியார் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு, இதுக்கு மேல வராதில்ல என்று என்னைக் கேட்டாள். மறுபடியும் என்னைத்தான் கேட்டாள்! என் வாயில் பொய் வரவில்லை. நேரே ஹாலுக்குப் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர்கள் வந்து தூணை அளந்தார்கள். நேற்று நம் தெருவுக்குச் சிவப்பு அடித்துவிட்டார்கள்.

தையல்காரர் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அண்ணன் பேசுவதில்லை, ஆனால் போன் அடித்தால் இன்னமும் அவரே எடுக்கிறார். என் மேல் விசாரணை வரும் என்கிறார்கள், வரட்டும். அறிக்கையில் என் பெயரும் அந்தப் போன் விஷயமும் வரும். அதை நீங்கள் வேறு யார் வாயிலாகவும் கேட்கக்கூடாது என்றுதான் இந்த அவசரம்.

காரியம் முடிந்த அன்று நீங்கள் எல்லோரிடமும், அப்பா பிடிவாதக்காரர், சொன்னால் கேட்கமாட்டார், அதனால்தான் போய்ச் சேர்ந்தார் என்று சொல்லிச் சொல்லி அழுதீர்கள். நான் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். ஐந்து மாதமாக அதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அவர் பிடிவாதம் பிடிக்கவில்லைங்க. நான் சொன்னதை அப்படியே நம்பினார்.

உங்கள் மூன்று கடிதத்திலும் வேலையை விட்டுவிட்டுக் கிளம்பி வா என்று எழுதியிருந்தீர்கள். நான்தான் வீடு வீடு என்று சாக்குச் சொன்னேன். இனிச் சொல்ல வீடில்லை. பெட்டி கட்டி வைத்திருக்கிறேன், ஆனால் நானாகக் கிளம்பமாட்டேன். இதையெல்லாம் படித்த பிறகும் அந்த வார்த்தையை இன்னொரு தடவை எழுத உங்களுக்கு மனசு வருமா? எழுதினால் வருகிறேன். எழுத முடியவில்லை என்றால் உங்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இருக்காது. பாப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, தாத்தா ஏன் வீட்டிலேயே இருந்தார் என்று உள்ளது உள்ளபடி சொல்லிவிடுங்கள். அவள் நூறு வயசு நன்றாக இருக்கட்டும்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
பாப்பாவின் அம்மா