பெயர் சொல்லாத ஏழாயிரம் பேர்

அக்கா,

இன்று காலை பக்கத்து வீட்டுப் பெண் நெருப்பு வாங்க வந்தாள். யுத்தம் தொடங்கியதிலிருந்து சேலம் கடைவீதியில் தீப்பெட்டி கிடைப்பது பெரும்பாடாக இருக்கிறது. அவள் நீட்டிய வறட்டித் துண்டின்மேல் அடுப்பிலிருந்து ஒரு நெருப்புக் கங்கு எடுத்து வைத்தேன். வறட்டி பற்றிப் புகையும் அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என் கண் தானாக அவள் மடிக்குப் போயிற்று. மடியில் ஒன்றுமில்லை. அவள் போனபிறகு அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். நீங்கள் போய்ப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது. என் சந்தேக புத்தி மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

மோகனூருக்கு வடக்கே, காவிரித் தண்ணீர் எட்டாத அந்த மேட்டுக்காட்டு ஊருக்கு என் கணவரை உபதேசியாராக அனுப்பியபோது, நாற்பது வீடு ஞானஸ்நானம் பெற்றிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கூரை ஜெபக்கூடம் நிரம்பி, ஆண்கள் வெளியே வேம்படியில் உட்காருவார்கள். மூன்றாம் வருஷம் மழை இல்லை. ஊர் நிலமும் கிணறும் ஒரே பண்ணாடி கையில் இருந்தன. ஜெபத்துக்குப் போகிறவனுக்குக் காட்டில் வேலையில்லை, கிணற்றில் தண்ணீரில்லை, குடிசை போட்டிருக்கும் மண்ணும் இல்லை என்று அவர் சொல்லியனுப்பினார். ஒவ்வொரு வாரமும் பாய் விரித்த இடம் காலியாகிக்கொண்டே வந்தது. சித்திரை முடிவதற்குள் நாலு வீடுதான் மிச்சம். அதில் ஒன்று உங்களுடையது. நீங்கள் நாலு ஆடு வைத்துப் பிழைத்த தனிக்கட்டை. குடிசை ஓடைப் புறம்போக்கில். தண்ணீருக்குப் பள்ளத்தில் ஊற்றுத் தோண்டிக்கொண்டீர்கள். பண்ணாடியால் உங்களை ஒன்றும் செய்ய முடியவில்லை.

என் கணவர் மனம் தளராத மனிதர். ஆள் குறையக் குறைய அவருடைய பிரசங்கம் நீண்டது. ஜலப்பிரளயத்தில் தப்பியவர்கள் எட்டுப் பேர்தான் என்பார். போருக்குப் போன கிதியோனிடம் மிஞ்சியது முந்நூறு பேர் என்பார். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களில் சொற்பம் பேர் திரும்பி வந்து இடிந்த மதிலைக் கட்டினார்களே என்பார். எந்தக் காலத்திலும் ஆண்டவர் தமக்கென்று கொஞ்சம் பேரை மீதி வைத்திருக்கிறார், அந்த மீதி நாம்தான் என்று முடிப்பார். பேழையில் எட்டுப் பேர், எங்கள் கூரைக்குள் ஒன்பது பேர், அதிலும் இரண்டு பேர் தூங்குவார்கள். எனக்கு வேறு கவலை. இந்த ஒன்பதில் எத்தனை பேர் நிஜம் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். யார் நெற்றியில் திருநீறு துடைத்த தடம் இருக்கிறது, யார் கையில் மஞ்சள் ஒட்டியிருக்கிறது என்று தேடுவேன். மீதியாக இருப்பதில் ஒரு போதை இருக்கிறது அக்கா. ஆள் குறையக் குறைய, மிஞ்சியவர்களிலும் இன்னும் இரண்டு பேரைக் கழிக்கத் தோன்றும்.

கடைசியில் என் கண் உங்கள்மேல் வந்து நின்றது.

சபையில் பிடி அரிசி வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? உலையில் போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு, ஞாயிறன்று கொண்டுவர வேண்டும். அதில்தான் உபதேசியார் வீட்டுக் கஞ்சியும் கொதித்தது. பெயர்தான் அரிசி, அந்த ஊரில் அரிசியை யார் கண்டார்கள்? மற்ற மூன்று வீட்டிலிருந்தும் ஒரு வாரம் கம்பு வரும், ஒரு வாரம் ராகி வரும். உங்கள் மூட்டையை முறத்தில் கொட்டினால் கம்பு, சோளம், சாமை, ராகி எல்லாம் கலந்து கிடக்கும். ஒற்றை ஆளாகப் பொங்கித் தின்கிற வீட்டில் ஒரே வாரத்தில் நாலு தானியம் ஏது?

அதோடு உங்கள் அடுப்பு தினமும் அணைந்துபோனது. நெருப்புக் கங்குகளைச் சாம்பலில் மூடி வைக்கத் தெரியாத பெண்ணா நீங்கள்? ஆனாலும் விடிந்தால் வறட்டியும் கையுமாக நெருப்பு வாங்கக் கிளம்பிவிடுவீர்கள். ஒரு நாள் போன வீட்டுக்கு மறுநாள் போகமாட்டீர்கள். அதுவும் சபையை விட்டுப் போன வீடுகளுக்கே போவீர்கள். எங்கள் வீடு பத்தடியில் இருந்தது, ஒருநாளும் வரவில்லை. திரும்பும்போது ஒரு கையில் புகையும் வறட்டி, மறு கையில் இறுக்கிப் பிடித்த மடி. அது ஆடி மாதம். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்ற வீடு வீடாகத் தானியம் வாங்கும் காலம். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். அம்மன் கூழுக்கு வாங்கியதில் மிஞ்சியதை ஆண்டவர் முன் கொண்டுவந்து கொட்டுகிறாள், அதை நான் கஞ்சி வைத்துக் குடிக்கிறேன் என்று அருவருத்தேன்.

என் கணவரிடம் சொன்னேன். அவர் மிஷன் குருவான ஐயரிடம் சொன்னார். ஆவணியில் இராப்போஜன அப்பமும் ரசக் குவளையும் கொடுக்க ஐயர் வந்தபோது எல்லோர் முன்னிலையிலும் உங்களைக் கேட்டார்.

"வீடு வீடாகப் போய்த் தானியம் வாங்குகிறாயாமே, எதற்கு?"

நீங்கள் வாய் திறக்கவில்லை. தரையைப் பார்த்தபடி நின்றீர்கள். அந்த மௌனமே சாட்சி என்று ஐயர் முடிவு கட்டினார். மனந்திரும்பும்வரை இராப்போஜனப் பந்தியில் இடமில்லை, ஜெபக்கூடத்திலும் இடமில்லை என்றார். நீங்கள் வெளியே போகும்போது எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி இருந்தது என்பதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

மறுநாளும் நீங்கள் நெருப்பு வாங்கப் போனீர்கள். அதற்கடுத்த நாளும் போனீர்கள். ஒரு முற்பகல், கையும் களவுமாகப் பிடிப்பது என்று நானே உங்கள் குடிசைக்கு வந்தேன். உள்ளே நுழைந்தால், மூங்கில் விட்டத்தில் வரிசையாகத் துணி முடிச்சுகள் தொங்கின. கிழிந்த சேலைத் துண்டு, வேட்டிக் கரை, குழந்தை சட்டைத் துணி. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு தானியம். நான் எண்ண ஆரம்பித்தேன். நீங்கள் முந்தானையை விரித்து முன்னால் வந்து நின்றுகொண்டீர்கள்.

"எண்ணாதீங்க அம்மிணி."

"யார் கொடுத்தது இதெல்லாம்?"

"போனாங்களே, அவிய குடுத்ததுங்க. பண்ணாடிக்குப் பயந்து வேதக்கோயலுக்கு வர்றதில்லீங்க. ஆனா ஒல வைக்கறப்ப ஒரு பிடி எடுத்து வைக்காம இருக்க மனசு வர்லீங்களாமா. நெருப்பு வாங்கற சாக்குல நான் போயி வாங்கியாரேன்."

வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். "இதை அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"சொன்னா எந்த ஊடுன்னு கேப்பீங்க. உங்களுக்குத் தெரிஞ்சா உபதேசியாருக்குத் தெரியும். அவருக்குத் தெரிஞ்சா ஐயருக்குத் தெரியும். ஐயரு சந்தோசம் தாங்காம மிசன் பத்திரிகைல போட்டுருவாருங்க. அப்பறம் அந்த ஊடுக நிக்குங்களா?"

நான் உங்களைச் சந்தேகப்பட்ட காலம் முழுவதும் நீங்களும் என்னை நம்பவில்லை. உங்கள் கணக்கு சரியாக இருந்தது; என்னுடையதுதான் தப்பு.

"நான் ஒருத்தந்தான் மிச்சம்னு அழுத எலியாவுக்கிட்ட சாமி இன்னும் ஏழாயிரம் பேரு இருக்காங்கன்னு சொன்னாருன்னு உபதேசியாரு சொன்னாருங்களே. பேரு சொன்னாருங்களா?" என்று கேட்டீர்கள்.

"இல்லை."

"அது போதுமுங்க."

அன்றிலிருந்து அந்த முடிச்சுகளை நான் வாங்கி வந்து எங்கள் வீட்டுக் காணிக்கையாகக் கொட்டினேன். நம் வீட்டில் ஏது இவ்வளவு தானியம் என்று என் கணவர் என்னை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்தார். சந்தேகிக்கப்படுவது எப்படி இருக்கும் என்று முதல்முறையாகத் தெரிந்துகொண்டேன். வேதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்ததும் அந்த நாட்களில்தான். ஆகாப் ராஜாவின் அரண்மனைக்குள்ளேயே வேலை செய்துகொண்டு, அவன் மனைவி கொல்லத் தேடிய தீர்க்கதரிசிகளைக் குகையில் ஒளித்துவைத்துச் சோறு போட்டான் ஒபதியா. எஜமானுக்குக் கைகொடுத்து ரிம்மோன் என்ற அந்நிய தெய்வத்தின் கோயிலில் தானும் குனிய வேண்டியிருக்கும், அதை ஆண்டவர் மன்னிக்க வேண்டும் என்று கேட்டான் நாகமான். எலிசா தீர்க்கதரிசி அவனைத் திட்டவில்லை, சமாதானமாகப் போகச் சொன்னார். என் கணவர் இந்த இரண்டு பேரைப் பற்றியும் பிரசங்கித்ததே இல்லை. நாங்கள்தான் மீதி என்று மார்தட்டிக்கொண்டு குடித்த கஞ்சி, குனிந்தவர்கள் கொடுத்தது.

பந்தியில்லாமல் இருப்பது உங்களுக்கு எவ்வளவு வேதனை என்று ஒருமுறைதான் சொன்னீர்கள். "ஊர்ல பேசற பேச்சுக்கெல்லாம் காது மரத்துப்போச்சுங்க. அந்தக் குவளைதான் கண்ணுக்குள்ளயே நிக்குது அம்மிணி" என்றீர்கள். தாங்க முடியாமல், ஐயரிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லிவிடவா என்று கேட்டேன். என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டீர்கள்.

கார்த்திகையில் உங்களுக்குக் காய்ச்சல் கண்டது. பத்து நாளில் எலும்பும் தோலுமானீர்கள். சாகக் கிடக்கிறவளுக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று என் கணவர் மன்றாடி ஐயரை அழைத்து வந்தார். குவளையை வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார் ஐயர். ஆனால் வழியில் மரியாதைக்காகப் பண்ணாடி வீட்டில் நின்றிருக்கிறார். அங்கிருந்து பண்ணாடியின் கணக்குவழக்குப் பார்க்கும் காரியக்காரரும் கூடவே வந்துவிட்டார். குடிசை வாசலில் நின்றுகொண்டு அந்த மனிதர் விட்டத்தை அண்ணாந்து பார்த்தார். நான் எல்லா முடிச்சுகளையும் எடுத்திருந்தேன். கயிறு மட்டும் தொங்கியது.

"ஏனுங்க ஐயரே, இவ ஊடு ஊடா நெருப்பு வாங்கப் போயி மடியில என்னமோ கட்டியாருவாளாமா. பண்ணாடி கேட்டுட்டு வரச் சொன்னாருங்க. அது எதுக்குங்க?" என்றார்.

ஐயர் உங்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். குவளையின் துணி பாதி அவிழ்ந்திருந்தது. உண்மையைச் சொன்னால் அந்தக் குவளை உங்கள் உதட்டுக்கு வரும்; பொழுது சாய்வதற்குள் அந்த வீடுகள் தெருவுக்கு வரும். உங்கள் கண் என் முகத்தை விட்டு நகரவில்லை.

"மாரியம்மன் கூழுக்குத்தான் ஐயா. நாங்கள் முன்பே சொன்னோமே" என்றேன்.

"அப்படியா?" என்று ஐயர் உங்களிடம் குனிந்து கேட்டார்.

"ஆமாங்க சாமி. கூழுக்குத்தானுங்க" என்றீர்கள்.

ஐயர் நல்ல மனிதர்தான், அவர் கண் கலங்கியிருந்தது. குவளையை மறுபடியும் துணியில் சுற்றிக்கொண்டு வெளியே போனார். உங்கள் பார்வை அந்தத் துணிக்குப் பின்னாலேயே வாசல்வரை போயிற்று. காரியக்காரர் திருப்தியோடு கிளம்பினார். மூன்றாம் நாள் நீங்கள் போய்ச் சேர்ந்தீர்கள். பாட்டும் ஜெபமும் இல்லாமல் ஊர் இடுகாட்டில் புதைத்தார்கள். யார் வருகிறார்கள், யார் அதிகமாக அழுகிறார்கள் என்று பார்க்கக்கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டே நின்றேன். ஆள் பார்த்தே பழகிய எனக்கு அது லேசான காரியமில்லை.

என் கணவருக்கு இன்றும் தெரியாது. மரித்த பரிசுத்தவான்களுக்காக அவர் நன்றி சொல்லி ஜெபிக்கும்போது உங்கள் பெயர் வருவதில்லை. பண்ணாடி இருக்கிறார், அந்த வீடுகளும் இருக்கின்றன. நான் ஆமென் சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறேன். என் பாவங்களை ஒன்றுவிடாமல் அறிக்கையிடுகிற வழக்கம் எனக்கு உண்டு. அன்று சொன்ன பொய்யை மட்டும் அறிக்கையிட்டதில்லை. அதற்காக நான் வருந்தவில்லை, அக்கா.

ஆனால் பந்தியில் குவளை என் கைக்கு வரும்போது, உதட்டில் வைத்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்துவிடுகிறேன். நீங்கள் போனதிலிருந்து நான் அதில் ஒரு மிடறும் குடித்ததில்லை.